எடை குறைய மருந்து வேணுமா? முடிவெடுக்கும் முன் குழுவில் பேசுவோம்

உடல்நலப் பாடம் (ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச. ஊக்குநர்கள் கூட்டத்திற்கு முன்பே ஒருமுறை படித்துக்கொள்ளவும்.)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு என்று பேசுகிற நம் கூட்டத்தில் இந்த மாதம் எடையைப் பற்றிப் பேசப் போகிறோம். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, எளாவூர், மாதர்பாக்கம் பக்கம் குழுக்களுக்குப் போகும்போது எங்களிடம் இந்தக் கேள்வி வருகிறது: "வாரம் ஒரு ஊசி போட்டா பத்து கிலோ குறையுதாமே, உண்மையா மேடம்?" சிப்காட் கம்பெனிக்குப் போகிறவர்கள் செல்போனில் பார்த்ததைச் சொல்கிறார்கள். சென்ட்ரல் போகிற ரயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைச் சொல்கிறார்கள் சிலர். அதற்குக் குழுவில் கடன் கேட்கலாமா என்பது அடுத்த கேள்வி.

"ஊசி போடுங்க" என்றோ "போடாதீங்க" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. சிலருக்கு இந்த மருந்து உண்மையாகவே உதவும். பலருக்குத் தேவையில்லை. சிலருக்கு ஆபத்து. நாம் இதில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. எடை கூடுவது யார் குற்றம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். உடம்பு பெருத்தால் "நல்லா சாப்பிட்டு தூங்குறா" என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். அது உண்மை இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31 பேர்தான். நான்கைந்து வருடத்தில் இத்தனை பெண்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா?

காரணம் பல. ரேஷன் அரிசிச் சோறுதான் மூன்று வேளையும். கூடவே பாமாயிலில் பொரித்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் பாதித் தூக்கம். பிரசவத்திற்குப் பிறகு ஏறிய எடை இறங்குவதே இல்லை. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி போன்ற நோய்களும் உண்டு. மூட்டுவலி, ஆஸ்துமா என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் முகம் உப்பி எடை ஏறும். (அப்படிச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்கணும்.)

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேல், 100க்கு 53 பேருக்கு, இரத்தசோகை. எடை கூடியவர் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டவர்கள் இல்லை. வயிறு நிறைந்திருக்கும், சத்து இருக்காது. பசியை அடக்கும் மருந்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

2. முதலில் அளந்து பார்ப்போம்

கண்ணாடி சொல்வதையோ பக்கத்து வீட்டார் சொல்வதையோ வைத்து மருந்து முடிவு செய்ய முடியாது. இரண்டு அளவு வேணும்.

முதல் அளவு, உயரத்திற்கு ஏற்ற எடை. இதை பி.எம்.ஐ. என்பார்கள். எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, அந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண். நம்மவர்களுக்கு 23க்கு மேல் போனாலே கவனம், 25க்கு மேல் உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பதுதான் காரணம்.

150 செ.மீ. (ஏறக்குறைய 4 அடி 11 அங்குலம்) உயரமுள்ள பெண்ணுக்கு:
• 52 கிலோ என்றால் பி.எம்.ஐ. 23
• 56 கிலோ என்றால் 25
• 61 கிலோ என்றால் 27
• 67½ கிலோ என்றால் 30

இரண்டாவது அளவு, இடுப்புச் சுற்றளவு. தையல் டேப்பை வயிற்றைச் சுற்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து அளக்கணும். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம் தேவை. தொடையில் சேர்கிற கொழுப்பைவிட வயிற்றில் சேர்கிற கொழுப்புதான் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி போடுகிறது.

இத்தோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கும் தன்னார்வலர்களாக நம் சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அந்த வேலை தெரிந்த சகோதரி உங்கள் ஊரிலேயே இருப்பார். கூட்டத்திற்குக் கூப்பிடுங்கள்.

3. மருந்து என்று சொல்வது எதை?

எடைக்கென்று டாக்டர்கள் எழுதும் மருந்துகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று ஆர்லிஸ்டாட் என்ற மாத்திரை. சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். கொழுப்பு மலத்தோடு போகும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டால் எண்ணெயாகவே வயிற்றால் போகும், அடக்கவும் முடியாது. கம்பெனியில் லைனை விட்டு நகர முடியாதவர்கள் இதை யோசிக்கணும். இதில் குறைகிற எடையும் கொஞ்சம்தான்.

இன்னொன்று இப்போது எல்லாரும் பேசுகிற வாரம் ஒருமுறை ஊசி. டிர்செபடைட் (மவுஞ்சாரோ) 2025 மார்ச்சிலும், செமாக்ளுடைடு (வெகோவி) 2025 ஜூனிலும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. சாப்பிட்டதும் நம் குடல் சில ஹார்மோன்களைச் சுரந்து "போதும்" என்று மூளைக்குச் சொல்லும். இந்த ஊசி அந்த வேலையை நாள் முழுக்கச் செய்கிறது. பசி குறையும், வயிறு மெதுவாகக் காலியாகும். செமாக்ளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்ததால் நம் நாட்டுக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்கலாம். விலை இறங்க இறங்க விளம்பரம் நம் தெருவுக்கும் வரும். அதனால்தான் இப்போதே பேசுகிறோம்.

பலன் உண்டா? உண்டு. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் செமாக்ளுடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 100 கிலோவுக்கு 15 கிலோ என்ற கணக்கில் குறைந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்கள் இரண்டரை கிலோ. இரண்டு தரப்பாருக்கும் உணவு, நடை பற்றிய ஆலோசனையும் கூடவே இருந்தது. 2023இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த, எடை கூடியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து 100க்கு 20 பங்கு குறைந்தன. ஆகவே இது ஏமாற்று மருந்து இல்லை. டாக்டர் சொல்லி ஒரு சகோதரி இதைப் போட்டுக்கொண்டால் "சும்மா உடம்பை வருத்தாம குறைக்கப் பார்க்குறா" என்று யாரும் பேச வேண்டாம். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவரை அப்படிப் பேசுகிறோமா?

4. யாருக்கு? யாருக்குக் கூடாது?

இந்த ஊசிகளுக்கு அனுமதி கொடுத்தபோதே அளவும் சொல்லியிருக்கிறார்கள். பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு. அல்லது 27க்கு மேல் இருந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு தடைபடுவது, இதய நோய் இவற்றில் ஒன்றாவது இருப்பவர்களுக்கு. கல்யாணத்திற்கு முன் நாலு கிலோ குறையணும், பழைய ஜாக்கெட் பத்தணும் என்பதற்கு இது மருந்து இல்லை.

கீழே உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்கணும்:

• கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பத்திற்கு முயற்சி செய்பவர் போடக் கூடாது. செமாக்ளுடைடு என்றால் கர்ப்பத்திற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தணும். பால் கொடுக்கும் தாய் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.
• கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, டிர்செபடைட் அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடலாம். ஊசி ஆரம்பித்த நான்கு வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் வேணும். இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.
• இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அந்த மருந்தின் அளவை டாக்டர் மாற்றித் தரணும்.
• கணையத்தில் வீக்கம் வந்தவர், பித்தப்பைக் கல் உள்ளவர், தைராய்டில் மெடுல்லரி என்ற புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர் முதலிலேயே சொல்லிவிடணும்.
• இரத்தசோகை உள்ளவர் முதலில் அதைச் சரிசெய்யணும். பசியே இல்லாமல் போனால் இருக்கிற சத்தும் குறையும்.

ஆரம்பத்தில் குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் வருவது சகஜம். நம் வெயிலில் வாந்தியும் பேதியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கும். மேல் வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கொழுப்போடு தசையும் கரையும். களை எடுக்கவும் மூட்டை தூக்கவும் அந்தத் தசைதான் வேணும்.

5. நிறுத்தினால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. செமாக்ளுடைடு ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரை ஊசி நிறுத்திய பிறகும் ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அவர்கள் மேல் தப்பு இல்லை. ஊசி நின்றதும் பழைய பசி திரும்புகிறது. பி.பி. மாத்திரையை நிறுத்தினால் பி.பி. ஏறுவது போலத்தான். ஆகவே "மூணு மாசம் போட்டு நிறுத்திடுவேன்" என்று ஆரம்பிக்கக் கூடாது. நீண்ட காலம் தொடர முடியுமா என்று பார்த்துத்தான் ஆரம்பிக்கணும்.

6. கணக்குப் போடுவோம்

ஒரு பயிற்சி. குழுவில் ஒரு சகோதரி வந்து, "ஊசி போடணும், 30,000 ரூபாய் உள்கடன் வேணும்" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 150 செ.மீ., எடை 64 கிலோ. பி.எம்.ஐ. 28.4 வருகிறது. இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை.

2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது டிர்செபடைட் முதல் அளவு மருந்து ஒரு வாரத்திற்கு 3,500 ரூபாய். அடுத்த அளவு 4,375 ரூபாய். முதல் நான்கு வாரத்திற்கு 14,000 ஆகும். மீதி 16,000 ரூபாயில் அடுத்த அளவு மூன்று வாரம்தான் வரும். ஏழாவது வாரத்தோடு ஊசி நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டியே 600 ரூபாய். இதே அளவில் ஒரு வருடம் தொடர்ந்தால் 2,24,000 ரூபாய். இன்றைய விலையை மருந்துக்கடையில் கேட்டு நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலை பாதியாக இறங்கினாலும் அந்த 30,000 நான்கு மாதத்தைத் தாண்டாது.

அந்தச் சகோதரிக்கு என்ன பதில்? "கடன் கிடையாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வது சரியில்லை. முதலில் பரிசோதனை செய்யச் சொல்லணும். சர்க்கரையோ பி.பி.யோ இருந்தால் அவருக்கு முதலில் வேண்டியது அந்த நோய்க்கான சிகிச்சை, அது அரசு மருத்துவமனையில் இலவசம். ஊசி பற்றியும் டாக்டரிடம் பேச அவருக்குக் காரணம் இருக்கிறது. எந்த நோயும் இல்லை என்றால் 28.4க்கு இந்த ஊசி எழுத அனுமதியே இல்லை. கடன் வாங்கிப் போட்டால் பணமும் போகும், எடையும் திரும்பும்.

7. இந்தப் பொருட்கள் பக்கம் போகவே வேண்டாம்

எடை மருந்துக்குப் பழைய வரலாறு உண்டு. ஃபென்ஃப்ளூரமின் என்ற மாத்திரை இதய வால்வைக் கெடுத்தது, 1998இல் இந்தியாவில் தடை செய்தார்கள். ரிமோனாபாண்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவந்தது, 2009இல் தடை. சிபுட்ராமின் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியது, 2011இல் தடை. இவை மூன்றும் ஒருகாலத்தில் டாக்டர் சீட்டில் எழுதப்பட்டவைதான். தடை செய்த பிறகும் "மூலிகை" என்று பெயர் போட்ட எடைக்குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ராமினைக் கலந்து விற்றதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூலிகை என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம்.

2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, யூடியூப் வீடியோவைப் பார்த்து எடை குறைய வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரிழந்தார். கையில் செல்போன் உள்ள நம் பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். "குண்டு" என்று வீட்டிலேயே கேலி செய்தால், அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல்தான் இப்படி ஏதாவது தேடும்.

தைராய்டு மாத்திரையை எடை குறைய என்று சாப்பிடுவதும் தப்பு. தைராய்டு குறைவு இல்லாதவர் சாப்பிட்டால் படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1954ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. "உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து" என்று நோட்டீஸ் ஒட்டுவதே குற்றம். டாக்டர் சீட்டு வேண்டிய மருந்தின் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். அதைச் சீட்டில்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் வேண்டாம். பில் கட்டாயம் வாங்கணும். ஊசி மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டியது. யாரோ பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்து தருவதை உடம்பில் ஏற்றாதீர்கள்.

8. மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் செய்ய வேண்டியது

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். எதுவும் செய்யாதவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! முள் நகரவில்லை என்று நடையை நிறுத்திவிடுகிறோமே, அது எவ்வளவு தப்பு பாருங்க. எடை இறங்காவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது.

எடையும் இறங்கினால் இன்னும் நல்லது. 70 கிலோ இருப்பவர் நாலைந்து கிலோ குறைத்தாலே சர்க்கரையும் பி.பி.யும் இறங்க ஆரம்பிக்கும். நம் வீட்டிலேயே முடிகிறவை:

• நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மாதம் ஒன்றரை கிலோ சர்க்கரை டீயிலேயே போகிறது. டீயை விட வேண்டாம், சர்க்கரையைப் பாதியாக்குங்கள்.
• எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டரில் மாதத்தை ஓட்டிப் பாருங்கள்.
• தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை, பழவேற்காட்டு மத்தி அல்லது நெத்திலிக் குழம்பு. பொரிக்க வேண்டாம்.
• மிச்சமாகுதே என்று பிள்ளைகள் தட்டில் இருப்பதை நாம் சாப்பிடும் பழக்கத்தை விடணும்.
• தினமும் அரை மணி நேரம் வேகநடை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவாகப் போங்கள்.
• நைட் ஷிஃப்ட் முடித்தவரை ஆறேழு மணி நேரம் தூங்கவிடணும். இது வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது.

9. டாக்டரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

மருந்து எழுதித் தருகிறேன் என்று சொன்னால் இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

1. என் பி.எம்.ஐ. என்ன? எந்த நோய்க்காக இந்த மருந்து?
2. மருந்தின் பெயர் என்ன? (ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.)
3. நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேருமா?
4. எத்தனை மாதம் போடணும்? மாதச் செலவு எவ்வளவு?
5. எந்தத் தொந்தரவு வந்தால் நிறுத்திவிட்டு வரணும்?
6. நிறுத்தினால் என்ன ஆகும்?
7. அடுத்து எப்போது வந்து காட்டணும்?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற பொது மருத்துவ நிபுணரிடமோ, ஹார்மோன் நிபுணரிடமோ போங்கள். ஊசி விற்பதில் மட்டும் அவசரம் காட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

கூட்டத்தில் பேச

• மருத்துவச் செலவுக்கு உள்கடன் கொடுக்கும்போது நம் குழு என்னென்ன பார்க்கிறது? டாக்டர் சீட்டு கேட்கிறோமா?
• நம் ஊரில் எடை குறைய என்று யார் யார் என்னென்ன விற்கிறார்கள்?
• நம் பெண் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்?

இந்த மாத வேலை

ஒவ்வொரு குழுவும் ஒரு கூட்ட நாளில் எல்லா உறுப்பினர்களுக்கும் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, பி.பி., சுகர் பார்த்து முடிக்கணும். அவரவர் அளவு அவரவர் சேமிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கட்டும். அடுத்தவர் எடையை உரக்கப் படிக்க வேண்டாம். எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.

மருந்து வேணுமா வேண்டாமா என்பதை நம் உடம்பில் உள்ள நோயும், படித்த டாக்டரும், நம் கையிருப்பும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஊர்ப் பேச்சும் வெட்கமும் அந்த முடிவை எடுக்க விடாதீர்கள்.